நாற்பத்தோராவது வீடு

கிறிஸ்மஸ் தாத்தா வேஷத்தை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும். டிசம்பர் மாதமானாலும் தாம்பரத்துச் சாயங்காலம் புழுக்கம்தான். சாட்டின் அங்கிக்குள்ளே வேர்த்துக் கொட்டும், பஞ்சுத் தாடி வாயில் புகும், காகிதக்கூழ் முகமூடியின் இரண்டு ஓட்டை வழியாகப் பார்த்தால் எதிரே வருகிற எருமைகூடத் தெரியாது. அதை மாட்டிக்கொண்டு எங்கள் சபையின் கேரல் ரவுண்டில் பதினோரு வருஷம் ஆடினவர் அசரியா. ரயில்வேயில் கேங்மேன், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி இடிக்கிற வேலை. அவரைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் கிடையாது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் யூனிஸ். மேற்குத் தாம்பரத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, அதனால் சபையில் எந்த வேலைக்கு ஆள் அகப்படவில்லையோ அது என் தலையில் விழும். ஞாயிறு பள்ளி நான், பூ ஜாடி நான், கேரல் ரவுண்டுக்கு வீடுகளின் லிஸ்ட் எழுதுவதும் நான்.

கேரல் ரவுண்டு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் பாடகர் குழு சபையார் வீடு வீடாகப் போய்ப் பாடும். முன்னால் தாத்தா ஆடிக்கொண்டு போவார், பின்னால் ஆர்மோனியம், கஞ்சிரா, நாங்கள் பதினெட்டுப் பேர். பாட்டு, ஒரு சின்ன ஜெபம், அப்புறம் வீட்டுக்காரர்கள் காப்பியும் பலகாரமும் தருவார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது பாதித் தெருக்களுக்கு விளக்குக் கம்பமே கிடையாது, பாம்புத் தொல்லை வேறு. அதனால் நாலு மணிக்கே கிளம்பி, மூன்று சாயங்காலத்தில் நாற்பது வீட்டையும் முடித்துவிடுவோம். இயேசு பிறந்த செய்தியை வாசல் வாசலாகக் கொண்டுபோகிறோம் என்று பேச்சு. உண்மையில் ஞானஜோதி அக்கா வீட்டுக் கேக்கையும் மற்ற வீட்டு முறுக்கையும் நினைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் வருவார்கள்.

எங்கள் சபையில் முக்கால்வாசிப் பேர் தெற்கேயிருந்து வேலைக்காக வந்தவர்கள். வாத்தியார், கிளார்க், ரயில்வே ஆபீஸ், இப்படி. நானும் அந்தக் கூட்டம்தான். மீதிப் பேர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். இரும்புலியூர் ரயில்வே கேட்டுக்கு அப்பால், ஏரிக்கரைக் காலனி. அவர்களுடைய தாத்தன் காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கினவர்கள், எங்களுக்கு முன்னாலிருந்தே எங்கள் சபைக் கோயிலில் இருப்பவர்கள். ஆனாலும் கடைசி இரண்டு பெஞ்சுதான் அவர்களுக்கு. ஜாதி என்ற வார்த்தையை நாங்கள் சபையில் உச்சரிக்கவே மாட்டோம். உச்சரிக்க அவசியமே இல்லாமல் எல்லாம் அது அது இடத்தில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

அசரியா முதலில் ரவுண்டுக்கு வந்தது ஆர்மோனியம் தூக்க. 1961-இல் தாத்தா வேஷம் போடவிருந்த காலேஜ் பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. சபைச் செயலாளர் தனசிங் சார் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“ஏம்ப்பா அசரியா, நீ நல்ல உசரமாத்தானே இருக்க? இதை மாட்டிக்க. வாயை மட்டும் திறக்காத, என்ன?”

மாட்டிக்கொண்டார். கோயிலில் கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக நிற்கிற மனுஷன் அந்த முகமூடிக்குள் போனதும் வேறு ஆளாகிவிட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூனிக் கூனி நடப்பார். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாதவர்போலத் தவிப்பார், பத்துப் பிள்ளைகள் சேர்ந்து இழுக்க வேண்டும். எழுந்தவுடன் ஒரு குத்தாட்டம்! மிட்டாயைத் தேடுவதாக அங்கியின் பையில் கையை விட்டுத் துழாவி, ஒரு கத்தரிக்காயை எடுத்துத் திகைத்து நிற்பார். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். ஒரு வார்த்தை பேச மாட்டார். தாத்தா யார் என்று யாருக்கும் சொல்லக் கூடாது, தாத்தா பேசக் கூடாது, இரண்டும் எங்கள் சட்டம்.

அதனால் வீட்டுப் பெண்களுக்குத் தாத்தா யாரென்று தெரியாது. தனசிங் சாரின் மனைவி ஞானஜோதி அக்கா தன் பேரப்பிள்ளையைத் தூக்கித் தாத்தா கையில் கொடுத்தாள். அந்த வருஷம் பிள்ளைக்குச் சளியே பிடிக்கவில்லையாம். அவ்வளவுதான், அடுத்த வருஷம் நாற்பது வீட்டிலும் கைக்குழந்தைகளைத் தயாராக வைத்திருந்தார்கள். தாத்தா நேராகக் கூடத்துக்குப் போவார், குழந்தையை வாங்குவார், நெற்றியில் தாடி உரச ஒரு முத்தம் கொடுப்பார். ரவுண்டு முடிந்ததும் கோயிலுக்குப் பின்புறம் போய் அங்கியைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, அதே அசரியா ஆர்மோனியத்தைத் தூக்கி உள்ளே வைப்பார். மறுநாள் ஏதாவது சேதி சொல்ல ஞானஜோதி அக்கா வீட்டுக்குப் போனால், “அங்கயே நில்லுப்பா, வாரேன்” என்று கேட்டிலேயே நிறுத்துவாள். நேற்றுத் தன் பேரனைக் கையில் வாங்கினவன் இவன்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். தெரிந்து என்ன கிழித்தேன்?

1963-இல் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். பதினோரு வருஷத்தில் எங்களிடம் அவர் கேட்டது அந்த ஒன்றுதான்.

“டீச்சரம்மா, நம்ப வூட்டாண்டயும் வந்து ஒரு பாட்டு பாடிட்டு, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போனா இன்னாம்மா? நம்ப தனம் பலகாரம்லாம் நல்லா சுடும்.”

தனம் அவர் மனைவி. அப்போதுதான் கல்யாணமாகி ஒரு வருஷம்.

“அதுக்கென்ன அசரியா, லிஸ்ட்ல எழுதிட்டாப் போச்சு” என்றேன். எழுதவும் எழுதினேன். நாற்பத்தொன்று: அசரியா, ஏரிக்கரைக் காலனி. கடைசி வீடு. கடைசி வீட்டுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நேரமாகிவிட்டது என்று சொல்லி விட்டுவிடலாம். அதைத் தெரிந்துதான் எழுதினேன், தெரியாமல் எழுதினேன் என்று இன்றைக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

நேரமாகிவிட்டது. வருஷா வருஷம் நேரமாகிவிட்டது. 64-இல் புயல் மழை. அடுத்த வருஷம் ரயில் கேட்டை அடைத்துவிட்டார்கள், இரண்டு கூட்ஸ் வண்டி போகிறவரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஒரு வருஷம் ஆர்மோனியத் துருத்தி கிழிந்தது. ஒரு வருஷம் காரணம் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை, நாற்பதாவது வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கலைந்துவிட்டோம். அசரியா அங்கியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ப்பா” என்றார் தனசிங் சார்.

“சரி சார்” என்றார் அசரியா. முகமூடிக்கு உள்ளேயிருந்து வந்த சரி அது, அதற்குப் பின்னால் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. கேட்டுக்கு அப்பால் தனம் ஒவ்வொரு வருஷமும் மூன்றாம் நாள் சாயங்காலம் பலகாரத்தைச் சுட்டு அடுக்கிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாள். அது ஆறிப்போனதும் பக்கத்து வீட்டு அயூப் பாய்க்கும் நூர் பீவிக்கும் போகும்.

ஒருநாள், எழுபதோ எழுபத்தொன்றோ, ஞாயிறு பள்ளிக்கு கிறிஸ்மஸ் பாடம் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். அசரியா பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லிக் கொடுக்கிறது என்று தெரியவில்லை, வருஷா வருஷம் அதே தொழுவம், அதே நட்சத்திரம் என்று சலித்துக்கொண்டேன். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. சாமி பொறந்தாருன்னா இன்னா அர்த்தம்? அவருக்குப் பசிச்சுதுன்னு அர்த்தம். மேல இருந்த வரைக்கும் அவருக்கு ஏது பசி? நம்ப கையால இன்னா வேணும் அவருக்கு? கீழ வந்தாரு, பசிச்சுது, ஒரு ஏழைப் பொண்ணு கையால வாங்கித் துன்னாரு. கொடுத்துட்டுப் போறதுக்கு வரல டீச்சரம்மா. கொடுக்கிறதுக்கு வர்றவன் வாசல்லயே நின்னு கொடுத்துட்டுப் பூடலாம். வாங்கித் துன்றவன்தான் வூட்டுக்குள்ள வரணும்.”

பத்து வருஷமாக வேதபாடம் நடத்துகிறேன், அரை டஜன் பரீட்சை எழுதி சர்ட்டிபிகேட் வாங்கியிருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு அதையே சொன்னேன். கடவுளுக்குப் பசித்தது, ஏழையின் கையால் வாங்கிச் சாப்பிட்டார், அதுதான் கிறிஸ்மஸ். பின்னால் நின்று கேட்ட எங்கள் போதகர் சாலமோன் ஐயர் (எங்களில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்) அசந்துபோனார். “என்ன ஆழம் யூனிஸ் டீச்சர்!” என்றார். அசரியா சொன்னது என்று நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்ததா, பெருமை பிடித்து ஆட்டியதா, இரண்டும்தான்.

அசரியாவுக்கு ஒரே மகள், பேபி. என் பள்ளியில்தான் இரண்டாவது படித்தாள். 1972 நவம்பரில் ஒருநாள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

“டீச்சர், நான் கெட்ட பொண்ணா?”

“யார்டீ சொன்னா?”

“தாத்தா அல்லார் வூட்டுக்கும் போறாரு. நம்ப வூட்டுக்கு மட்டும் வர்ல. பொய் சொல்றவங்க வூட்டுக்கு வர மாட்டாருன்னு ஷீலா சொல்லிச்சு.”

தாத்தா தன் அப்பாதான் என்று அவளுக்குத் தெரியாது. அசரியா சட்டத்தை மீறாத ஆள், வீட்டில்கூடச் சொல்லவில்லை. தனம் மட்டும் நடையை வைத்துக் கண்டுபிடித்திருந்தாள். இந்தப் பிள்ளை என்னவென்றால், வருஷா வருஷம் தாத்தா வராததற்குத் தான் செய்த தப்பு என்ன என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது!

கமிட்டிக் கூட்டத்தில் லிஸ்டைத் திருப்பிப் போட்டேன். ஒன்று: அசரியா, ஏரிக்கரைக் காலனி. தனசிங் சார் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு படித்தார்.

“என்ன டீச்சர் இது, வண்டி பின்னால ஓடுது?”

“ஒன்பது வருஷமா நேரமாகுதுன்னு சொல்றீங்க. முதல் வீட்டுக்கு நேரமாகாதுல்ல?” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. “அந்த ஆளு தலையில ஆர்மோனியத்தை ஏத்துறோம், அந்த ஆளு கையில உங்க பேரப்பிள்ளையக் கொடுக்கிறோம். அவர் வீட்டு வாசலை மிதிச்சா நம்ம கால் தேஞ்சா போயிரும்?”

ஐயர் தலையைக் குனிந்துகொண்டு “போகலாமே, தாராளமா” என்றார். தனசிங் சாரும் சிரித்துக்கொண்டே சரி என்றார். என்ன சுலபம் என்று நினைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். முட்டாள்.

டிசம்பர் இருபது, நாலு மணி. கேட்டைத் தாண்டி ஏரிக்கரைக்கு நடந்தோம். முன்னால் தாத்தா. அன்றைக்கு அசரியா ஆடின ஆட்டத்தை நான் எந்த வருஷமும் பார்த்ததில்லை. கூனவே இல்லை, துள்ளிக்கொண்டு போனார். காலனிப் பிள்ளைகள் அத்தனையும் பின்னால் ஓடி வந்தன. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மூங்கில் குச்சியும் பட்டக் காகிதமும் வைத்து ஒரு நட்சத்திரம். வாசலில் பதினெட்டு மடக்கு நாற்காலி, வாடகைச் சாமான் கடை வைத்திருக்கிற அயூப் பாய் வாடகை வேண்டாம் என்று தானே கொண்டுவந்து போட்டது. பேபி புதுப் பாவாடையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாத்தாவைப் பார்த்ததும் ஓடிவந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டவள் அப்புறம் விடவேயில்லை.

யாரும் உட்காரவில்லை. “உக்காந்தா எந்திரிக்க மனசு வராதும்மா” என்று தனசிங் சார் வேடிக்கையாகச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். நாலு சரணப் பாட்டில் இரண்டு சரணம் பாடினோம். தனசிங் சார் ஜெபம் பண்ணினார்: ஆண்டவரே, இந்த ஏழைக் குடும்பத்தை உம்முடைய நன்மைகளால் நிரப்பும் என்று. பிறகு தனம் பெரிய தட்டோடு வந்தாள். அதிரசம், அச்சு முறுக்கு, ரவா லட்டு. பின்னாலேயே புதுத் தம்ளர்களில் காப்பி, ஆவி பறந்துகொண்டு.

எந்த வருஷமும் ரவுண்டுக்கு வராத ஞானஜோதி அக்கா அன்று கணவரோடு வந்திருந்தாள், முதலில் அவளிடம் நீட்டினாள். “ஐயோ, இனிப்பு எனக்கு ஆகாதும்மா, டாக்டர் சொல்லியிருக்கார்.” அடுத்தவர், “பாடணும்லம்மா, எண்ணெய்ப் பலகாரம் தொண்டையைக் கட்டிரும்.” அடுத்தவர், “இப்பத்தான் வீட்ல காப்பி குடிச்சேன்.” ஒருத்தர் சொன்ன காரணத்தை அடுத்தவர் சொல்லவில்லை, அவ்வளவு கெட்டிக்காரர்கள் எங்கள் ஆட்கள். தட்டு அப்படியே நகர்ந்துகொண்டு வந்தது. ஒரு முறுக்குக்கூடக் குறையவில்லை. தனசிங் சார் பெரிய மனசு பண்ணி, “பொட்டலமாக் கட்டிக் கொடும்மா, வழியில சாப்பிட்டுக்குறோம்” என்றார்.

தட்டு என்னிடம் வந்தது.

“டீச்சரம்மா, நீங்களாச்சும் ஒண்ணு எடுத்துக்கோங்க” என்றாள் தனம்.

கமிட்டியில் கத்தினவள் நான். லிஸ்டைத் திருப்பினவள் நான். கடவுளுக்குப் பசித்தது என்று பாடம் நடத்தினவள் நான். ஞானஜோதி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை எழும்பவில்லை. சின்ன வயதில் எங்கள் ஊரில், இந்தத் தெருவில் தண்ணி வாங்கிக் குடிக்கக் கூடாது என்று யார் எனக்குச் சொன்னார்கள் என்று ஞாபகமில்லை. யாரும் சொல்லியிருக்கவே வேண்டாம். அது கைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

“ஜலதோஷம் தனம்” என்றேன்.

தனம் தட்டை நீட்டினபடியே நின்றாள். அப்போது அசரியா வந்தார், பேபியை விரலில் தொங்கவிட்டுக்கொண்டே. தட்டுக்கு முன்னால் நின்றார். முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டார். பதினோரு வருஷத்தில் எந்த வீட்டிலும் செய்யாத காரியம். ஒரு அதிரசத்தை எடுத்துப் பிட்டு வாயில் போட்டு மென்றார். தாடியெல்லாம் தூள் சிந்தியது. கண்ணில் தண்ணீர் வழிய, அவசரமே படாமல் முழுதையும் தின்றார்.

பேபி அண்ணாந்து பார்த்தாள்.

“அப்பா, நீயா?”

“நான்தாம்மா.”

“தாத்தா இல்லியா? நீதான் வேசம் போட்டுகினு வந்தியா?”

அவர் தலையை ஆட்டினார். அவள் விரலை விட்டுவிட்டாள்.

“அப்ப நெசத் தாத்தா இந்த வருசமும் நம்ப வூட்டுக்கு வர்லியா?” என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். பதினெட்டுப் பேர் நின்றோம், ஆண்டவருடைய பாட்டையெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்.

அசரியா அங்கியைக் கழற்றினார். தாடி, தொப்பி, முகமூடி, எல்லாவற்றையும் ஒழுங்காக மடித்து ஒரு நாற்காலியில் வைத்தார்.

“எட்துகினு போங்க சார். ஆர்மோனியத்தையும் நீங்களே தூக்கிக்கோங்க. நான் வர்ல.”

“அசரியா, பாதியில விட்டா எப்படிப்பா? இன்னும் நாப்பது வீடு இருக்கே!” என்றார் தனசிங் சார்.

“உங்களுக்குத் தாத்தா இருந்தா போதும் சார். அதுக்குள்ள யார் வேணும்னா இருக்கலாம். எனக்கு அப்பிடி இல்ல, என் வூட்டுக்கு நீங்கதான் வரணும்னு இருந்தேன்.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கேட்டைத் தாண்டினதும், “திமிரைப் பாத்தியளா, இடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவானுவ” என்றார் தனசிங் சார். ஆர்மோனியத்தை இரண்டு பேர் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். அடுத்த வீடு ஞானஜோதி அக்கா வீடுதான். கேக் கொடுத்தாள், தனக்கும் ஒரு பெரிய துண்டு எடுத்துக்கொண்டாள். எண்ணெய்ப் பலகாரம் ஆகாத தொண்டைகளெல்லாம் முறுக்கு தின்றன. என் ஜலதோஷமும் பறந்துபோயிற்று, நானும் சாப்பிட்டேன். தாத்தா எங்கே என்று பிள்ளைகள் கேட்டபோது காய்ச்சல் என்றோம். நாற்பது வீட்டிலும் அதே பொய்.

பொட்டலமாகக் கட்டச் சொன்ன பலகாரத்தை நாங்கள் எடுத்துவரவில்லை. நாற்காலி எடுக்க வந்த அயூப் பாய் நூர் பீவியையும் கூப்பிட்டு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, அசரியாவோடு சாப்பிட்டிருக்கிறார். அடுத்த வாரம் மார்க்கெட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா டீச்சர், நாப்பது வூட்ல துன்ற வயிறு, மொத வூட்லயே ரொம்பிப்போச்சா?”

காய்கறிக்காரி முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

கிறிஸ்மஸ் விடியற்கால ஆராதனையில் சாலமோன் ஐயர் பிரசங்க பீடத்தில் ஏறினார். “அன்பானவர்களே, கிறிஸ்து பிறந்தார் என்றால் என்ன பொருள்? கடவுளுக்குப் பசித்தது என்று பொருள். ஒரு ஏழைப் பெண்ணின் கையால் வாங்கிப் புசித்தார்” என்று ஆரம்பித்தார். நான் திருடினதை அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். சபை உச்சுக்கொட்டியது, ஞானஜோதி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் வெள்ளைச் சட்டையோடு அசரியா உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தனமும் பேபியும். தன் வாக்கியத்தையே தனக்குப் பிரசங்கம் பண்ணக் கேட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். இங்கே உபதேசமே ஊரான் வீட்டுச் சரக்கு.

அவர் சபையை விட்டுப் போகவில்லை. எல்லோரும் எதிர்பார்த்தார்கள், போகவில்லை. ஞாயிறு தவறாமல் வந்தார், பெஞ்சைத் துடைக்க மட்டும் மறுத்துவிட்டார். என்னைக் கண்டால், “ஸ்தோத்திரம் டீச்சரம்மா” என்பார், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. தனசிங் சாரின் மருமகன் தாத்தா வேஷம் போட்டான், பிள்ளைகள் பயந்து அழுதன. நாலைந்து வருஷத்தில் ரவுண்டே வேனில் போகிறதாக மாறிவிட்டது. லிஸ்டில் நாற்பத்தோராம் எண்ணே இல்லாமல் போயிற்று.

1977 நவம்பரில் மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் அசரியா இறந்துபோனார். நாற்பத்தாறு வயசு. அடக்கத்துக்கு நான் போனேன், கல்லறையோடு திரும்பிவிட்டேன், வீட்டுக்குப் போகவில்லை. ஐந்து வருஷமாகப் போகாத வீட்டுக்கு அன்றைக்கு எந்த முகத்தோடு போவது? ஆனால் அந்தக் கிறிஸ்மஸ் அன்று ஆராதனை முடிந்து வீட்டில் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. எழுந்து புடவையை மாற்றிக்கொண்டு, நடு மத்தியானத்தில், கேட்டைத் தாண்டிப் போனேன். துக்க வீட்டில் பலகாரம் இருக்காது, தெரியும். எனக்குப் பலகாரம் வேண்டாம். அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீராவது வாங்கிக் குடித்துவிட வேண்டும். அதற்குத்தான் போனேன்.

தனம் பாய் விரித்தாள். உட்கார்ந்தேன். பேபிக்குப் பன்னிரண்டு வயது, அப்பாவைப் போலவே உயரமாக வளர்ந்திருந்தாள். அசரியாவின் கடைசி நாட்களைத் தனம் சொன்னாள். நான் அழுதேன். அன்றைக்கு நான் செய்தது பெரிய தப்பு தனம் என்றேன்.

“வுடுங்க டீச்சரம்மா. பழசையெல்லாம் பேசிகினு” என்றாள் அவள். உண்மையாகவே பிரியமாகச் சொன்னாள்.

அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. எந்தத் தமிழ் வீட்டிலும் வந்தவரிடம் முதலில் கேட்கிற கேள்வி அது. மூலையில் பானை இருந்தது, மேலே தம்ளர் கவிழ்த்திருந்தது. கடைசியில் நானே வாயை விட்டுக் கேட்டேன்.

“தொண்டை காயுது தனம். கொஞ்சம் தண்ணி கொடேன்.”

தனம் பதறிப்போனாள். “ஐயோ, எனக்குத் தோணவே இல்ல பாருங்க!” என்று முந்தானையில் முடிந்திருந்த சில்லறையை அவிழ்த்து மகளிடம் கொடுத்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் பேபி ஓடிவிட்டாள். வேண்டாம், பானையிலிருந்தே கொடு என்று நான் சொல்ல வாய் எடுத்தேன். தனம் கையை ஆட்டி, “இருங்க, இந்தாண்டதான் கட, தோ வந்துடும்” என்றாள். மறைமுகமாகக் குத்துகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். குத்தவில்லை. எங்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதன்படி மரியாதை செய்தாள்.

பேபி ஒரு கோலி சோடாவோடு வந்தாள். என் கையில் கொடுக்காமல், எனக்கு எதிரே தரையில் வைத்தாள்.

“கடையில வாங்கினது டீச்சர். நாங்க தொறக்கல. நீங்களே தொறந்துக்கோங்க.”

கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். கோலி உள்ளே இறங்கியது. தனமும் பேபியும் பார்த்துக்கொண்டிருக்க, முழுச் சோடாவையும் குடித்து முடித்தேன்.